இரண்டாவது விசில்

மாடம்பாக்கம்
ஜூன் 16, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏஞ்சல் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் வீட்டில் எல்லோரும் சுகம். இவருக்கு மட்டும் லேசான இருமல். நடுக்கடலில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நாகர்கோவிலுக்குப் போன் போட்டு டெபோரா அண்ணியிடம் பேசினேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து வீடே வெறிச்சென்று இருக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இவர் வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறார். ஜனவரியில் நீங்கள் வந்து இறங்குவதற்குள் பின்னறையில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒவ்வொரு தடவையும் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் போடாமல் இரண்டு பேரும் நேராகத் தாம்பரத்துக்குப் படம் பார்க்கப் போய்விடுவீர்கள். இங்கே என் பிரியாணி ஆறி அவலாகிக் கிடக்கும். இந்தத் தடவை அந்தப் படத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாமாம். "பார்க்கிங், கூட்டம், எல்லாம் பேஜாரு. வூட்லயே போட்டுக்கலாம்" என்கிறார்.

உங்கள் இருவரின் பழைய ஆம்ப்ளிஃபயர் பரண்மேல் இருக்கிறது. அதை இறக்கிப் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் அதன்மேல் வடாம் காயவைக்கலாம் போல் ஆகிவிட்டது. அந்த அறை ஏற்கெனவே சூடு. அதனால் புதிதாக வாங்குவது சூடாகக் கூடாது, உள்ளே ஃபேன் வைத்து இரையக் கூடாது, கரண்ட்டைக் குடிக்கக் கூடாது. இந்தப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் கரண்ட் நினைத்தபோது போகிறது. இன்வெர்ட்டரிலும் ஓட வேண்டும். கப்பலுக்கே கரண்ட் பார்ப்பவர் நீங்கள். எது வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை
ஏஞ்சல்

*

கப்பலிலிருந்து
ஜூன் 27, 2024

அன்புள்ள ஏஞ்சல்,

உன் மெயில் வந்தது. நான் சுகம். கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது, பழகியதுதான். வாட்ஸ்அப் எல்லாம் கரை தெரிந்தால்தான். அதுவரை இந்த மெயில்தான் நமக்குத் தபால்காரர். சுகுமார் இருமலுக்குச் சிகரெட் இல்லாததே மருந்து என்று சொல். அவன் குடிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் திட்டி வை.

எனக்கு நம்பவே முடியவில்லை. தியேட்டரில் கரண்ட் போனால் முதல் விசில் என்னுடையது, இரண்டாவது விசில் அவனுடையது. அவன் அடித்தால் நீளமாக, கடைசியில் மேலே ஏறி முடியும். ஆபரேட்டரே கேபினிலிருந்து எட்டிப் பார்ப்பார். அந்த ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிறேன் என்கிறானா? வயதாகிவிட்டது போல.

ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறேன். பழைய ரகம் சிக்னலில் இஞ்சினை அணைக்காமல் நிற்கிற லாரி. வண்டி நகரவே இல்லை, டீசல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சத்தமாகாத கரண்ட்டெல்லாம் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதுதான் உன் வடாம். புதிதில் 'கிளாஸ் டி' என்று ஒரு ரகம் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் இழுக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். கடைக்காரன் பெட்டிமேல் அச்சடித்திருக்கிற வாட்ஸைக் காட்டி மயக்குவான், நம்பாதே. "சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும்?" என்று மட்டும் கேள். முழித்தான் என்றால் அடுத்த கடைக்குப் போ. கொஞ்சம் கரண்ட்டிலேயே சத்தமாகப் பாடுகிற ஸ்பீக்கராகவும் பார்த்து வாங்கு, பாதிக் கவலை தீரும்.

இன்வெர்ட்டரில் வேறு என்னென்ன போட்டிருக்கிறீர்கள்? அது தெரிந்தால்தான் கணக்குச் சொல்ல முடியும்.

ஜெபங்களில் நினைத்துக்கொள்.

அண்ணன்
ஜெபகுமார்

*

மாடம்பாக்கம்
ஜூலை 8, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கேயும் சுகமே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் மட்டும் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போய் வந்தேன். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். அந்தப் பையன் முழிக்கவில்லை. "மேடம், சும்மா இருந்தா எதுக்கு ஆன் பண்ணி வெக்கிறீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். பின்னாலிருந்து பெரியவர் ஒருவர் வந்து ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும், கிளாஸ் டி என்று சொன்னார். ஒரு மணி நேரம் பாட விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இல்லாவிட்டாலும் சூடு இல்லை.

வந்து இவரிடம் சொன்னேன். "இத்துனூண்டு பொட்டியா? இதுல ஃபைட் சீன் வந்தா கொசு கடிச்ச மாதிரி கேக்கும்" என்று சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "சூடு இல்லைல்ல? அப்ப அதான்" என்றார்.

அறை சின்னது, பத்துக்குப் பன்னிரண்டு. இன்வெர்ட்டரில் ஃபேன், லைட், அது இது என்று வழக்கமானவைதான். அந்தப் பெட்டியையே வாங்கிவிடட்டுமா?

அன்புத் தங்கை
ஏஞ்சல்

*

கப்பலிலிருந்து
ஜூலை 19, 2024

ஏஞ்சல்,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. இன்வெர்ட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "அது இது" என்கிறாய். 'அது இது' எவ்வளவு இழுக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாவது, கடைக்கு ஏன் தனியாகப் போனாய்? வீட்டுக்குச் சீரியல் பல்பு வாங்கக்கூட உன்னைத் தனியாக அனுப்பாதவன் அவன். கடையில் இருக்கிற அத்தனை பல்பையும் எரிய விட்டுப் பார்த்துவிட்டு ஒன்று வாங்கி வருவான். ஸ்பீக்கர் வாங்கும் நாளில் அவன் வீட்டில் இருந்தான் என்றால் நான் நம்ப வேண்டுமா?

பல்லாவரம் பட்டறையில் வேலை போய்விட்டதா? இருந்தால் என்னிடம் மறைக்காதே. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு ஊரில் வேலையா இல்லை? அவனையே எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அந்தப் பெட்டியை வாங்கு. நல்லதுதான்.

ஜெபகுமார்

*

மாடம்பாக்கம்
ஆகஸ்ட் 11, 2024

அன்புள்ள மச்சானுக்கு சுகுமாரின் வாழ்த்துகள்.

நான் சொல்கிறேன், ஏஞ்சல் எழுதுகிறாள். என் பேச்சை இவள் இஸ்திரி போட்டு எழுதுவதால் வாத்தியார் கடிதம் போல் இருந்தால் நான் பொறுப்பில்லை. நீ நலமா? நான் ராஜா மாதிரி இருக்கிறேன். வேளைக்கு வேளை சாப்பாடு, கேட்டதும் காபி.

வேலை போகவில்லை. பட்டறைக்குக் கொஞ்ச நாள் லீவு சொல்லியிருக்கிறேன். பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நீ அங்கே உட்கார்ந்து கற்பனைக் குதிரையை ஓட்டாதே.

பெட்டி வந்துவிட்டது. சின்னப் பெட்டி, ஆனால் அடி பலமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டாயிற்று. பழைய பஸ் சீட் இரண்டை மேடவாக்கத்தில் ஒருத்தரிடம் பிடித்துப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். பெயின்ட் அடித்தது பக்கத்து வீட்டு மாரி, மேற்பார்வை நான். ஒரு சீட் உனக்கு. ஜனவரியில் நீ வந்து உட்காருகிற வரைக்கும் அதில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜாக்கிரதையாக வந்து சேர் மச்சான். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சுகுமார்

*

கப்பலிலிருந்து
ஆகஸ்ட் 30, 2024

அன்புள்ள ஏஞ்சலுக்கும் மச்சானுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பஸ் சீட் விஷயம் படித்து மெஸ் ஹாலில் தனியாகச் சிரித்தேன். என்னோடு சாப்பிட்டவன் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டான்.

கடைசியாக ஒரு பரீட்சை பாக்கி. படம், பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஆன் செய்து, வால்யூமைப் பாதிக்குமேல் ஏற்று. ஃபேனை நிறுத்தி, கதவை மூடிவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பதிவு செய். 'உம்' என்று ஒரு முனகல் இருந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். நீங்கள் காதால் கேட்டுச் சொல்வதை நம்ப மாட்டேன். ஃபைலை அனுப்பு. அடுத்த துறைமுகத்தில் நெட் கிடைத்ததும் நானே ஹெட்போன் போட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்
ஜெபகுமார்

*

மாடம்பாக்கம்
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். சுகமறிய ஆசை. சொன்னபடியே பதிவு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். பொட்டுச் சத்தம் இல்லை அண்ணா. அவ்வளவு அமைதி.

ஏஞ்சல்

*

கப்பலிலிருந்து
அக்டோபர் 13, 2024

ஏஞ்சல்,

ஃபைல் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன்.

ஆம்ப்ளிஃபயரில் முனகல் இல்லை. எர்த் சரியாக இருக்கிறது.

ஆனால் பொட்டுச் சத்தம் இல்லை என்று எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் காதுக்கு அது அவ்வளவு பழகிவிட்டதா? பதிவு முழுக்க ஒரு மிஷின் ஓடுகிறது. தாழ்ந்த குரலில் இரைந்துகொண்டே இருக்கிறது, நடுநடுவே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடுகிறது. எங்கள் கப்பலில் காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டாததை இப்படித்தான் புஸ்ஸென்று வெளியே தள்ளும். அதைக் கவனித்துக்கொள்வது என் வேலை. தூக்கத்தில் அதன் மூச்சு மாறினால்கூட எழுந்துவிடுவேன். மனிதர் குடியிருக்கிற வீட்டில் அந்த மாதிரி மூச்சு விடுகிற மிஷின் ஒன்றுதான் உண்டு. ஆக்சிஜன் மிஷின்.

'அது இது' என்று எழுதியது இதைத்தானே? அறை ஏற்கெனவே சூடு என்றதும் இதனால்தானே?

பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றானே, பாவி. என்னிடம் சொல்ல உங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லையா? நான் யாரோவா? எவ்வளவு மோசம் என்று உடனே எழுது. கேப்டனிடம் சொல்லி அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிடுகிறேன்.

ஜெபகுமார்

*

மாடம்பாக்கம்
அக்டோபர் 15, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் ஆரம்பிக்கிறேன். தயவுசெய்து இறங்கி வராதீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாதியில் இறங்கி வந்தீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிடவே இல்லை. அந்த வருஷம் அண்ணி பட்ட பாடு இவருக்கு நன்றாகத் தெரியும். "அவனுக்குத் தெரிஞ்சா குதிச்சு நீந்தியாவது வந்துடுவான். அவன் காண்ட்ராக்ட் முடியட்டும். அதுவரைக்கும் மூச்" என்று பைபிள்மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரியிலிருந்தே படியேறினால் மூச்சு வாங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நுரையீரல் இறுகிவிட்டது என்றார், மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போனது திரும்பாதாம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாமாம். பகலில் முக்கால்வாசி நேரம் மூக்கில் குழாய் இருக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைக் கிண்டல் செய்கிறார். தியேட்டர் படிக்கட்டு மட்டும் முடியாது. கரண்ட் போனால் அந்த மிஷின் இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டும். அதற்குப் போக மிச்சத்தில் படம் ஓட வேண்டும். அதற்குத்தான் அண்ணா கொஞ்சமாகக் குடிக்கிற ஆம்ப்ளிஃபயர் கேட்டேன்.

இப்போது என் பயம் வேறு. ஜனவரியில் நீங்கள் வந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, மிஷினை நிறுத்தி ஜன்னல் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பழையபடி உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறாராம். "படம் முடிஞ்சதும் நானே சொல்றேன். அந்த ஒரு படம் மட்டும் அவன் என்னைப் பரிதாபமா பாக்காம பாக்கட்டும்" என்கிறார். இரண்டரை மணி நேரம் குழாய் இல்லாமல் அவரால் முடியாது. நான் கெஞ்சினால் கோபம் வருகிறது. கோபம் வந்தால் இருமல் வருகிறது. நான் என்ன செய்ய?

ஏஞ்சல்

*

கப்பலிலிருந்து
நவம்பர் 2, 2024

அன்புள்ள ஏஞ்சல்,

திட்டியதற்கு வருத்தப்படாதே. நான் இறங்கவில்லை. அவன் சொன்னது சரிதான், நீந்தித்தான் வந்திருப்பேன்.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. பரீட்சையில் ஆம்ப்ளிஃபயர் பாஸ் என்று மட்டும் சொல். நான் ஏற்கெனவே ஒரு பொய்க்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில்தான் படம் என்றாலும், பழையபடி தியேட்டருக்கு இழுப்பேனோ என்று அவன் பயந்துகொண்டிருப்பான். வந்ததும் நானே களைப்பாக இருக்கிறது, தியேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவன் ஒன்றும் சமாதானம் சொல்ல வேண்டியிருக்காது.

இனி ஒழுங்காகக் கேட்டுக்கொள். மிஷினுக்குத் தனி பேட்டரி போடச் சொல், முதல் உரிமை அதற்குத்தான். அதை நிறுத்தினாலும் பிளக்கைப் பிடுங்க விடாதே. ஃபேன், லைட்டைப் பழைய இன்வெர்ட்டரிலிருந்து எடுத்துவிடு, டிவியும் ஆம்ப்ளிஃபயரும் மட்டும் அதில் இருக்கட்டும், அந்தப் பெட்டிக்கு அது தாராளம். சானடோரியத்துக்கு மாதாமாதம் போவதைத் தவறவிடாதீர்கள்.

குழாய் விஷயத்தை என்னிடம் விடு. வீட்டு மெயின் சுவிட்ச் சமையலறை வாசலில்தானே இருக்கிறது? படம் ஆரம்பித்ததும் நீ செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஏர்போர்ட்டிலிருந்து போனில் சொல்கிறேன்.

நீ அழுதிருப்பாய் என்று தெரியும். அழு, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவனோடு சண்டை போடு. அதுதான் அவனுக்குப் பிடிக்கும்.

அண்ணன்
ஜெபகுமார்

*

மாடம்பாக்கம்
ஜனவரி 26, 2025

அன்பு மச்சானுக்கு,

பத்திரமாக நாகர்கோவில் போய்ச் சேர்ந்ததாக டெபோரா சொன்னாள். பிள்ளைகளுக்கு என் முத்தம். நான் சுகம், இந்த முறை பொய் கலக்காத சுகம். ஏஞ்சலிடம் சொல்லி எழுதவில்லை. நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன். பேசினால் மூச்சு வாங்குகிறது, தட்டினால் வாங்கவில்லை. அவள் இஸ்திரி போட்டுப் போட்டு என் எழுத்துக்கும் மடிப்பு வந்துவிட்டது.

நேரில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் பெட்டியை வைத்ததும், "மச்சான், செம டயர்டு. தியேட்டர்லாம் வாணாம், வூட்லயே எதுனா போடு" என்றாய். நீ தியேட்டருக்குக் கூப்பிட்டால் சொல்ல ஒரு வாரமாக நான் தயார் செய்து வைத்திருந்த பொய்க்கு வேலையே இல்லாமல் போனது. தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். முப்பது மணி நேரம் பிளைட்டில் நெளிந்து வந்த அன்றைக்கும் இடைவேளையில் இரண்டு பாப்கார்ன் தின்றவன் நீ. உனக்கு ஏது டயர்டு?

படம் போட்டு டைட்டில் ஓடி முடிவதற்குள் எனக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்துவிட்டது. உன் முகத்தைப் பார்க்கப் பயந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பட்டென்று கரண்ட் போனது. லைட், ஃபேன் எல்லாம் நின்றது. டிவியும் நம் சின்னப் பெட்டியும் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. படம் நிற்கவே இல்லை, ஆனாலும் நீ விசில் அடித்தாய். பழக்க தோஷத்தில் நானும் விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். காற்றுதான் வந்தது.

நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு இரண்டாவது விசிலையும் நீயே அடித்தாய். நீளமாக, கடைசியில் மேலே ஏறி, அச்சு அசல் என்னுடையது. ஜன்னல் திரைக்குப் பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. ஏஞ்சல் இருட்டில் வந்து மிஷினைப் போட்டிருக்கிறாள். நீ என் கையைப் பிடித்து அதில் குழாயை வைத்து, "போட்டுக்க மச்சான். இருட்டுல யார் பாக்கப் போறா" என்றாய். நான் போட்டுக்கொண்டேன். அப்புறம் ஹீரோயின் டான்ஸ் சரியில்லை என்று என்னோடு சண்டை போட்டாய். படம் முழுவதும் பார்த்தேன் மச்சான். ஒரு இடத்தில் அழுதேன், அது படத்துக்கு இல்லை.

படம் முடிகிற வரைக்கும் கரண்ட் வரவில்லை. எழுந்திருக்கும்போது ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. ஜன்னல் திரையை விலக்கினேன். எதிர்வீட்டு ஹாலில் ஜெயவேலு சார் ஜம்மென்று லைட் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தெரு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் தங்கச்சி மெயின் சுவிட்ச் பக்கத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறாள். நான் நேராகப் போய்ப் பிரியாணி சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதம் சானடோரியத்தில் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள். உள்ளே சின்னச் சின்னப் பந்துகள் இருக்கின்றன, இழுத்தால் மேலே ஏற வேண்டும். நேற்று இரண்டு பந்து ஏறியது. டெபோராவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அடுத்த முறை வரும்போது முதல் விசிலை மட்டும் நீ அடி. இரண்டாவதற்குத்தான் நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் மச்சான்
சுகுமார்